விடிய விடிய கூத்து... மறுநாள் குரல் என்ன ஆகும்? தொண்டைக்குள் நடப்பது இதுதான்!

ராத்திரி பத்து மணி சுமாருக்கு மத்தளச் சத்தம் கேட்க ஆரம்பிக்கும். திரை விலகி கட்டியக்காரன் களரிக்குள் வருவார். அதற்குப் பிறகு ராஜபார்ட், ஸ்த்ரீ பார்ட் என ஒவ்வொரு வேஷமாக இறங்கும். பாட்டு, வசனம், மறுபடி பாட்டு என்று போய்க்கொண்டே இருக்கும் கூத்து முடியும்போது கிழக்கு வெளுத்திருக்கும்.

ஓமந்தூர், திண்டிவனம், செஞ்சி, விழுப்புரம் என இந்தப் பகுதி முழுக்க திரௌபதி அம்மன் கோயில்கள் உண்டு. செஞ்சி பக்கத்தில் உள்ள மேலச்சேரி, இந்த வழிபாட்டின் பழைய மையங்களில் ஒன்றாகச் சொல்லப்படுகிறது. திருவிழாக் காலம் வந்துவிட்டால் பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரியில் தெருக்கூத்து. இன்று ஒரு ஊரில் ஆடிய கலைஞர் நாளைக்கு இன்னொரு ஊரில் வேஷம் கட்ட வேண்டும்.

இன்று களரிக்கு மேலே மைக் தொங்குகிறது. ஆனால் மைக் வராத காலத்தில் கடைசி வரிசையில் பாய் போட்டுப் படுத்திருந்தவருக்கும் வசனம் கேட்டது. அது எப்படி? ஒரு மணி நேரம் சத்தமாகப் பேசினாலே நமக்குத் தொண்டை கட்டிக்கொள்கிறதே, அவர்களுக்கு மட்டும் கட்டாதா?

கட்டும். அவர்கள் தொண்டையும் நம் தொண்டை மாதிரிதான். ஆனால் குரல் எப்படி உருவாகிறது என்பது தெரிந்தால் எதைச் செய்தால் குரல் நிற்கும், எதைச் செய்தால் போய்விடும் என்பதும் புரிந்துவிடும். ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முகவீணையைப் பாருங்கள், குரல் புரியும்

கூத்தில் பின்பாட்டுக்காரர்களோடு ஒருவர் முகவீணை வாசிப்பார். சின்ன நாதஸ்வரம் மாதிரி இருக்கும். அதில் மூன்று விஷயங்கள் சேர்ந்தால்தான் சத்தம் வரும். ஒன்று, வாசிப்பவர் ஊதும் காற்று. இரண்டு, அந்தக் காற்றில் படபடவென அடித்துக்கொள்ளும் சீவாளி. மூன்று, சீவாளியின் சத்தத்தை வாங்கி இனிமையாக்கி வெளியே அனுப்பும் குழல். சீவாளியை மட்டும் தனியாக எடுத்து ஊதினால் 'கீ'ச்சென்று ஒரு சத்தம்தான் வரும்.

நம் குரலுக்கும் இதே மூன்று பாகம்தான். காற்று நுரையீரலில் இருந்து வருகிறது. சீவாளியின் வேலையைக் குரல்வளைக்குள் இருக்கும் குரல் நாண்கள் செய்கின்றன. குழலின் இடத்தில் இருப்பவை தொண்டை, வாய், மூக்கு.

இதில் குரல் நாணில் பிறக்கும் சத்தம் ரொம்பச் சின்னது. வெறும் ரீங்காரம் மாதிரிதான். அதற்கு பலம் கொடுப்பது கீழே இருக்கும் காற்று. அதற்கு உருவம் கொடுப்பது மேலே இருக்கும் வாயும் தொண்டையும். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்வதாக இருந்தால், இதை வைத்துக்கொள்ளுங்கள்.

குரல்வளை எங்கே இருக்கிறது?

கழுத்தின் முன்பக்கம் விரலை வைத்து எச்சில் விழுங்கிப் பாருங்கள். மேலே ஏறி இறங்கும் மேடுதான் குரல்வளை. ஆண்களுக்கு இது வெளியே துருத்திக்கொண்டு தெரியும். அந்த மேடு கேடயம் மாதிரியான ஒரு குருத்தெலும்பு. அதற்குக் கீழே மோதிரம் மாதிரி வட்டமான இன்னொரு குருத்தெலும்பு. மோதிரத்தின் பின்பக்கம் இரண்டு சின்ன முக்கோணக் குருத்தெலும்புகள் உட்கார்ந்திருக்கும்.

குரல் நாண்கள் இரண்டும் முன்பக்கம் கேடயத்தின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும். பின்பக்கம் ஆளுக்கொரு முக்கோணத்தில் ஒட்டியிருக்கும். இந்த முக்கோணங்கள் திரும்பும்போது நாண்கள் 'ட' திறந்த கதவு மாதிரி விலகும், அல்லது ஒன்றோடு ஒன்று சேரும். மூச்சு விடும்போது விலகி இருக்கும். பேசும்போது நெருங்கி வந்து ஒட்டும்.

பேசுவது இதன் முதல் வேலையே கிடையாது. நுரையீரலுக்குக் காவல் காப்பதுதான் முதல் வேலை. நாம் விழுங்கும்போது நாண்கள் இறுக மூடிக்கொள்ளும், மேலே குரல்வளை மூடியும் சாய்ந்துகொள்ளும். அந்த நேரத்தில் பேசினாலோ சிரித்தாலோ காவல் தப்பும். அதைத்தான் புரையேறியது என்கிறோம்.

நாண் என்கிறோம், உண்மையில் மடிப்பு

'நாண்' என்றதும் வில்லில் கட்டிய கயிறு மாதிரி கற்பனை வரும். உண்மையில் அவை இரண்டு சின்ன சதை மடிப்புகள். நீளம் ஆண்களுக்கு சுமார் 17 முதல் 25 மில்லிமீட்டர். பெண்களுக்கு சுமார் 12 முதல் 17 மில்லிமீட்டர். அதிகபட்சம் ஒரு ரூபாய் நாணயத்தின் அகலம்தான்.

இந்த மடிப்பின் உள்ளே தசை. அதன்மேல் ஜெல்லி மாதிரி வழுவழுப்பான ஓர் அடுக்கு. எல்லாவற்றுக்கும் மேலே ஈரமான மெல்லிய தோல். உள்ளே இருக்கும் தசை விறைப்பாக நிற்க, மேலே இருக்கும் போர்வை மட்டும் அலை அலையாக அசைவதால்தான் குரல் தெளிவாக வருகிறது. ஜப்பான் மருத்துவர் மினோரு ஹிரானோ 1970-களில் இதை விளக்கினார். அந்தப் போர்வை வீங்கினாலோ காய்ந்துபோனாலோ அலை தடைபடும். குரல் கரகரக்கும்.

உயிரோடு இருக்கும் மனிதரின் குரல் நாணைத் தெளிவாகப் பார்த்து எழுதியவர் ஒரு மருத்துவர் கூட இல்லை. மானுவல் கார்சியா என்ற பாட்டு வாத்தியார்! 1854-ல் பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் சின்னக் கண்ணாடியைத் தன் தொண்டைக்குள் விட்டு, சூரிய வெளிச்சத்தைப் பாய்ச்சி, தன் குரல் நாண் அசைவதைத் தானே பார்த்தார். அடுத்த வருஷமே லண்டனில் அதை அறிவியல் உலகத்துக்குச் சொன்னார்.

நொடிக்கு 100 தடவை... அசைப்பது யார்?

சாதாரணமாகப் பேசும்போது ஆணின் குரல் நாண்கள் நொடிக்கு 100 முதல் 120 தடவை வரை மூடித் திறக்கும். பெண்ணுக்கு சுமார் 200 தடவை. குழந்தைகளுக்கு இன்னும் அதிகம். இத்தனை வேகமாக எந்தத் தசையையும் மூளையால் ஒவ்வொரு தடவையும் கட்டளை கொடுத்து அசைக்க முடியாது. அப்படின்னா யார் அசைக்கிறார்கள்?

காற்றுதான். உதட்டை லேசாக மூடி, குழந்தைகள் வண்டி ஓட்டுவது போல 'புர்ர்ர்' என்று ஊதிப் பாருங்கள். உதட்டை நீங்கள் ஒவ்வொரு தடவையும் அசைக்கவில்லை. காற்று முட்டுகிறது, உதடு திறக்கிறது. காற்று வெளியே போனதும் உதடு தன் இழுவிசையாலும், வேகமாகப் பாயும் காற்றின் உறிஞ்சலாலும் திரும்ப மூடிக்கொள்கிறது. குரல் நாணிலும் இதே கதைதான். மூளை செய்வது நாண்களை நெருக்கி வைப்பதும், எவ்வளவு இறுக்கம் என்று தீர்மானிப்பதும் மட்டுமே. நெதர்லாந்து ஆய்வாளர் வான் டென் பெர்க் 1958-ல் கொடுத்த இந்த விளக்கம், சில திருத்தங்களோடு இன்றும் ஏற்கப்படுகிறது.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. கூத்துக் கலைஞர் பாடும்போது நொடிக்கு 250 அதிர்வு என்று வைத்துக்கொள்வோம். ஒரு ராத்திரியில் பாட்டும் வசனமுமாக அவர் குரல் ஒலிக்கும் நேரத்தைச் சேர்த்தால் இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். அப்படின்னா 18 லட்சம் தடவை அந்த இரண்டு மடிப்புகளும் ஒன்றோடு ஒன்று மோதுகின்றன. ஒரே ராத்திரியில்!

கட்டை ஏறுவது எப்படி?

'அஞ்சு கட்டையில் பாடுவார்', 'ஆறு கட்டை சாரீரம்' என்று நாடகக்காரர்கள் சொல்வார்கள். ஆர்மோனியத்தில் எந்தக் கட்டையைச் சட்ஜமாக வைத்துப் பாடுகிறார் என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். கட்டை ஏற ஏற குரல் நாண் வேகமாக அதிர வேண்டும். ஒரு ஸ்தாயி மேலே போனால் அதிர்வு சரியாக இரண்டு மடங்கு ஆகும்.

இதற்குக் குரல்வளையில் தனித் தசை இருக்கிறது. கேடயத்துக்கும் மோதிரத்துக்கும் நடுவே உள்ள அந்தத் தசை சுருங்கினால் இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி குறையும். குரல் நாண் முன்னும் பின்னும் இழுபட்டு நீளும், மெலியும், விறைக்கும். விறைப்பான நாண் வேகமாக அதிரும். வயலின் தந்தியை முறுக்குவது மாதிரி.

கூத்தில் திரௌபதி, சுபத்திரை வேஷங்களை ஆண்களே கட்டுவது நீண்ட கால வழக்கம். ஆணின் தொண்டையிலிருந்து பெண் குரலுக்கு நெருக்கமான சுருதி எப்படி வருகிறது? நாண்களை அதிகபட்சம் நீட்டி, அவற்றின் ஓரம் மட்டும் அதிரும்படி பாடினால் மெல்லிய உச்சக் குரல் வரும். இதைத்தான் கள்ளக் குரல் என்பார்கள். நல்ல கலைஞர்கள் கள்ளக் குரலுக்குப் போகாமல் நிஜக் குரலிலேயே மேல் ஸ்தாயியைத் தொட்டுவிடுவார்கள்.

பழைய பாய்ஸ் நாடகக் கம்பெனிகளில் ஒரு வார்த்தை பையன்களைக் கதிகலங்க வைத்தது: மகரக்கட்டு. பதின்ம வயதில் ஹார்மோன் மாற்றத்தால் பையன்களின் குரல்வளை சட்டென்று பெரிதாகும். நாண்கள் நீண்டு தடிக்கும். குரல் சுமார் ஒரு ஸ்தாயி கீழே இறங்கும். பழைய அளவுக்குப் பழகிய மூளை புது அளவைப் பிடிக்கும் வரை குரல் உடைந்து உடைந்து வரும். நேற்று வரை நாயகி வேஷம் போட்ட பையனுக்கு இன்று அந்த வேஷம் கிடையாது. பெண் பிள்ளைகளுக்கும் குரல் மாறும், ஆனால் கொஞ்சம்தான் இறங்கும்.

கடைசி வரிசைக்கு எப்படிக் கேட்டது?

சத்தம் கூட வேண்டுமென்றால் நம்மில் பெரும்பாலானோர் செய்வது, கழுத்தை இறுக்கிக் கத்துவது. நரம்பு புடைக்கும். சத்தம் கொஞ்சம் கூடும். குரல் நாண் நிறைய அடிபடும்.

பயிற்சி பெற்றவர்கள் வேறு மாதிரி செய்கிறார்கள். முதலில் மூச்சு. மூச்சை இழுக்கும்போது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் உதரவிதானம் கீழே இறங்கும், வயிறு முன்னே வரும். பிறகு வயிற்றுத் தசையும் விலாத் தசையும் அந்தக் காற்றை அவசரம் இல்லாமல், சீராக மேலே அனுப்பும். அடிவயிற்றிலிருந்து பாடு என்று வாத்தியார்கள் சொல்வது இதைத்தான்.

இரண்டாவது, வாயும் தொண்டையும். வளர்ந்த ஆணுக்குக் குரல் நாணிலிருந்து உதடு வரை உள்ள பாதை சுமார் 17 சென்டிமீட்டர். நாக்கு, தாடை, உதடு, அண்ணம் ஆகியவற்றை நகர்த்தி இந்தப் பாதையின் வடிவத்தை மாற்றினால் 'ஆ' என்பது 'ஈ' ஆகும், 'ஊ' ஆகும். வாயை நன்றாகத் திறந்து, சத்தத்தை முன்னே தள்ளிப் பாடும்போது சில அதிர்வெண்கள் மட்டும் பெரிதாகும். மனிதக் காது 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான சத்தத்துக்கு ரொம்பக் கூர்மையானது. அந்த இடத்தில் பலம் கூடினால் மத்தளம், தாளம், ஆர்மோனியம் எல்லாவற்றையும் தாண்டி வசனம் தனியாகக் கேட்கும். தொண்டை கூடுதலாக உழைக்காமலே.

இதையெல்லாம் நம் ஊரில் யாரும் யோசிக்கவில்லை என்று நினைக்க வேண்டாம். தொல்காப்பியத்தில் இதற்கென்றே 'பிறப்பியல்' என்று ஓர் இயல் இருக்கிறது. உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நிலைபெற்று, பல், இதழ், நாக்கு, மூக்கு, அண்ணம் ஆகியவற்றோடு சேர்ந்து எழுத்தாகப் பிறக்கிறது என்று அது சொல்கிறது. காற்றில் தொடங்கி வாயில் முடியும் அந்த வரிசை, கூத்து வாத்தியார் சொல்லிக்கொடுக்கும் வரிசையும்தான்.

சரி, பிறகு ஏன் குரல் கட்டுகிறது?

லட்சக்கணக்கான மோதலைத் தாங்க நாண்களுக்கு இரண்டு தேவை: ஈரம், ஓய்வு. கூத்துக் களத்தில் இரண்டுமே பற்றாக்குறை. அடவு போடும்போது கிளம்பும் புழுதி, தூக்கம் இல்லாத ராத்திரி, தண்ணீருக்குப் பதில் டீ, சிலருக்கு பீடியும் மதுவும். விடிந்ததும் சாப்பிட்டுவிட்டு உடனே படுப்பதால் வயிற்று அமிலம் மேலே ஏறித் தொண்டையை அரிக்கவும் வாய்ப்பு உண்டு.

முதல் கட்டத்தில் நாணின் போர்வை வீங்கும். குரல் கனத்து, கரகரப்பாகும். ஓரிரு நாள் ஓய்வில் பெரும்பாலும் சரியாகிவிடும். ஓய்வு கொடுக்காமல் திரும்பத் திரும்பப் பாடினால் மோதல் அதிகம் விழும் இடத்தில், இரண்டு நாணிலும் எதிரெதிராகக் காய்ப்பு மாதிரி சின்ன முடிச்சுகள் வரும். மண்வெட்டி பிடிக்கிறவர் கையில் காய்ப்பு காய்க்குமே, அந்த மாதிரி. பிறகு நாண்கள் முழுசாக ஒட்டாது. இடைவெளியில் காற்று கசியும். மேல் சுருதி எட்டாது. சில சமயம் ஒரே கத்தலில் நாணுக்குள் ரத்தக் குழாய் வெடித்து, குரல் அப்படியே நின்றுவிடுவதும் உண்டு.

இதில் சிக்கல் என்னவென்றால், முடிச்சு வரும்போது வலி பெரும்பாலும் தெரியாது. கரகரப்பு மட்டும்தான் எச்சரிக்கை மணி. 'குரல் கொஞ்சம் கட்டியிருக்கு, இன்னைக்கு ஒரு நாள் சமாளிச்சுடலாம்' என்று வேஷம் கட்டும் கலைஞருக்கு, ஒத்துக்கொண்ட ஊருக்குப் போகாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை. குரலைக் காப்பாற்ற வேண்டுமென்றால் வருமானத்தை விட வேண்டிய நிலை.

மிளகுப் பால், பனங்கற்கண்டு வேலை செய்யுமா?

தொண்டைக்கு இதமாக இருக்கும், இருமல் உந்துதல் குறையும். அந்த அளவுக்கு நல்லதுதான். ஆனால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: நாம் விழுங்கும் எதுவும் குரல் நாணைத் தொடாது. தொட்டால் புரையேறிவிடும்! பால், தேன், அதிமதுரம் எல்லாமே பின்னால் இருக்கும் உணவுக்குழாய் வழியாகப் போகின்றன.

தண்ணீரும் அப்படித்தான். பாடுவதற்கு ஒரு நிமிஷம் முன்பு மடக்கென்று குடித்தால் நாண் நனையாது. நாள் முழுக்கக் குடித்தால் உடலில் நீர் சேர்ந்து, ரத்தம் வழியாக நாணுக்கு ஈரம் வரும். மூச்சுக் காற்றோடு போவதால் ஆவி மட்டும் நேரடியாக நாணைத் தொடும். கொதிக்கும் பாத்திரத்தில் முகத்தைச் சுட்டுக்கொள்ளாமல் பிடிக்க வேண்டும்.

குரலைக் காப்பாற்ற என்ன செய்யலாம்?

* பகல் முழுக்க அடிக்கடி தண்ணீர் குடியுங்கள்.
* பாடுவதற்கு முன் தாழ்ந்த சுருதியில் மெல்ல முனகி, 'புர்ர்' என்று உதட்டை அதிர வைத்து, பிறகு மேலே ஏறுங்கள்.
* தொண்டையை அடிக்கடி 'க்ம்' என்று செருமாதீர்கள். நாண்கள் பலமாக மோதும். எச்சிலை விழுங்கினாலே போதும்.
* குரல் கட்டியிருக்கும்போது அழுத்தி ரகசியம் பேசுவது ஓய்வு ஆகாது. பேசாமல் இருப்பதுதான் ஓய்வு.
* மைக் இருந்தால் பயன்படுத்துங்கள். மைக் வைத்துக்கொண்டும் கத்த வேண்டாம்.
* பீடி, சிகரெட்டை விடுங்கள். குரல்வளைப் புற்றுநோய்க்குப் புகை முக்கியக் காரணம்.
* சாப்பிட்ட உடனே படுக்காதீர்கள்.

எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

சளி, காய்ச்சலோடு வரும் கரகரப்பு ஒன்றிரண்டு வாரத்தில் போய்விடும். மூன்று வாரம் தாண்டியும் குரல் சரியாகவில்லை என்றால் காத்திருக்கக் கூடாது. மூச்சுத் திணறல், விழுங்கச் சிரமம், இருமலில் ரத்தம், கழுத்தில் கட்டி ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் மூன்று வாரமும் வேண்டாம், உடனே போங்கள். புகைப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

கரகரப்புக்குக் காரணம் எப்போதும் தொண்டையிலேயே இருக்கும் என்றும் சொல்ல முடியாது. இடது குரல் நாணுக்குப் போகும் நரம்பு, கழுத்தைத் தாண்டி நெஞ்சுக்குள் இறங்கி, இதயத்தின் பெருந்தமனியைச் சுற்றி வளைந்து மீண்டும் மேலே ஏறுகிறது. அதனால் நுரையீரலில் கட்டி இருந்தாலும், தைராய்டு அறுவை சிகிச்சையில் நரம்பு பாதிக்கப்பட்டாலும் குரல் மாறலாம்.

சென்னையில் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் பெயரால் அழைக்கப்படும் வளாகத்தில் பெரிய அரசு மருத்துவமனையே இருக்கிறது. சுதந்திரம் வந்தபோது சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்த அவர் பிறந்த ஊர்க்காரர்கள், தொண்டைக்காக அவ்வளவு தூரம் ஓட வேண்டியதில்லை. முண்டியம்பாக்கத்தில் உள்ள விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கம்தான். காது மூக்கு தொண்டைப் பிரிவில் சின்ன கேமராவை மூக்கு அல்லது வாய் வழியாக விட்டுச் சில நிமிஷங்களில் நாண்களைப் பார்த்துவிடுவார்கள். முடிச்சு என்றாலே ஆபரேஷன் என்று பயப்பட வேண்டாம். பலருக்கு ஓய்வும் குரல் பயிற்சியும் கொடுத்தாலே முடிச்சு சுருங்கிவிடும்.

இது கூத்துக் கலைஞர்களுக்கு மட்டுமான கதையும் இல்லை. நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் நாள் முழுக்கப் பாடம் நடத்தும் டீச்சர், ஸ்டாண்டில் ஊர் பெயரைக் கூவும் கண்டக்டர், தெருத்தெருவாக மீன் விற்கும் அம்மா என்று குரலை வைத்துப் பிழைக்கும் எல்லோருக்கும் இதே இரண்டு மடிப்புகள்தான். மத்தளத்தின் தோல் கிழிந்தால் மாற்றிக் கட்டலாம். முகவீணைக்குப் புதுச் சீவாளி போடலாம். தொண்டைக்குள் இருப்பதற்கு மாற்று கிடையாது. கரகரப்பு மூன்று வாரம் தாண்டினால், அடுத்த ஊர்க் கூத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரிக்கு ஒரு நடை போய் வந்துவிடுங்கள்.